புதினா பத்து இலை

நான்காவது பச்சை மிளகாயின் வயிற்றைக் கீறும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எத்தன மொளகா?"

இனாஸ் கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டுப் படுக்கையறை வாசலுக்கு வந்தார்.

"நாலு."

"நாலா? யாருக்கு, உன் கப்பல்காரனுங்களுக்கா? ரெண்டு போதும். வெதைய எடுத்துடு. உள்ள வெள்ளையா ஒரு நரம்பு இருக்கும் பாரு, அதையும் எடு."

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னு சொல்லுவ. வாய் பூரா புண்ணு எனக்குத்தான், உனக்கில்ல."

கித்தேரியா மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தாள். மூன்று வாரமாகக் கஞ்சித் தண்ணீரையும் குளுக்கோஸையும் தவிர வேறெதுவும் இறங்காத தொண்டை. பேச்சே குறைந்துபோயிருந்தது. அன்று திங்கட்கிழமை காலை கண் விழித்ததும், "பச்சக் கோழிக் கொழம்பு திங்கணும் போல இருக்கு" என்றாள். இனாஸ் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக் குனிந்து காதைக் கொடுத்தார்.

"செவிடா நீ? கோழி. கொத்தமல்லி, புதினா அரைச்சுப் போட்டு, காரமில்லாம. மெல்ராய் சின்னப் பையனா இருக்கும்போது பண்ணுவேனே, அந்த மாதிரி."

அது எந்த மாதிரி என்று இனாஸுக்குத் தெரியாது. மகன் மெல்ராய் சின்னப் பையனாக இருந்த வருஷங்களில் அவர் கடலில் இருந்தார். சரக்குக் கப்பல்களில் சமையல்காரர். முப்பத்தோரு வருஷம். வருஷத்துக்கு இரண்டு மாதம் சொந்த ஊரான அஸ்ஸோல்னாவுக்கு வருவார். வந்தால், விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் வைத்திருக்கும் பூப்போட்ட தட்டை கித்தேரியா அவருக்கு எடுத்து வைப்பாள். அடுப்பங்கரைப் பக்கம் அவர் தலை தெரிந்தால் போதும், "அங்க பொங்கிக் கொட்டுனது பத்தாதா? போய் ஒக்காரு" என்பாள். பாசமாகத்தான் சொல்வாள். வேலையை விட்டு ஊரோடு வந்து ஐந்து வருஷமாகிவிட்டது. பூப்போட்ட தட்டு மாறவேயில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அவள் படுத்த பிறகுதான் அடுப்பு அவர் கைக்கு வந்தது. அதிலும் கஞ்சியைத் தவிர என்ன வைப்பது? கோழி என்று அவள் கேட்டதும் வீடு பரபரப்பாகிவிட்டது. அவளுடைய தங்கை லூர்தின் மூன்று வீடு தள்ளி இருந்தாள். அவள்தான் சந்தைக்குப் போய் தோலுரித்த கோழியும், வேரோடு இரண்டு கட்டுக் கொத்தமல்லியும், ஒரு பிடி புதினாவும் வாங்கிவந்து போட்டாள்.

"அத்தானா சமைக்கிறாரு? மணியடிச்சு வரிசையில நிக்க வெச்சுதான் போடுவாரோ?" என்று அக்காவிடம் கேட்டாள்.

கித்தேரியா சிரித்தாள். சிரித்தால் வலிக்கும். அதனால் கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

லூர்தின் போன பிறகு வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். அடுப்படிக்கும் கட்டிலுக்கும் இடையே பதினோரு எட்டு. அன்று காலை அவர் அதை எத்தனை முறை நடந்தார் என்று கணக்கில்லை.

"கொத்தமல்லித் தண்டு?"

"தூக்கிப் போட்டுடாத. வாசனையே அதுலதான். வேர மட்டும் கிள்ளு."

"பட்டை, கிராம்பு?"

"ஒரே ஒரு கிராம்பு. பட்ட வேணாம்."

"வினிகர் ஒரு மூடி ஊத்தட்டா?"

"நேரா என் வாயிலயே ஊத்திடேன். தேங்காப் பாலுதான். எலுமிச்சம்பழம் நாலு சொட்டு, எறக்கினப்புறம்."

"நாங்க கப்பல்ல கொஞ்சம் ரம் விடுவோம்."

"விடுவீங்க, விடுவீங்க. கோழிக்கு எவ்வளவு, சமையக்காரனுக்கு எவ்வளவு?"

இனாஸ் அடுப்படிக்குத் திரும்பினார். தனக்குச் சிரிப்பு வருவது அவருக்கே புதிதாக இருந்தது.

கோழித் துண்டுகளில் இஞ்சி பூண்டு விழுதும் உப்பும் தடவி வைத்தார். தேங்காய் துருவினார். முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்தார். இருபத்துநான்கு பேருக்குச் சமைத்த கைக்கு ஒரு கோழி விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. உருளைக்கிழங்கை அவள் சொன்னபடி பிறை பிறையாக வெட்டினார். புதினாவை ஆயத் தொடங்கியபோது மறுபடி குரல்.

"புதினா பத்து இல. எண்ணிப் போடு."

"ஒரு பிடி வாங்கியாந்திருக்காளே!"

"பத்து இலன்னா பத்து இலதான். ஒண்ணு கூடினாலும் டூத்பேஸ்ட் டூத்பேஸ்ட்னு துப்பிடுவான்."

யார் துப்பிவிடுவான் என்று அவர் கேட்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்க்கும், தாடி வைத்த, முப்பது வயதை நெருங்கும் ஓர் ஆள் அப்போது அந்த வீட்டில் நாலு வயதுப் பையனாகக் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனாஸ் பத்து இலைகளை எண்ணி மிக்ஸியில் போட்டார்.

அரைத்த பச்சை விழுதில் பாதியை வதக்கிக் கோழியோடு வேகவிட வேண்டும். மீதிப் பாதியை அடுப்பை அணைத்த பிறகு பச்சையாகவே கலக்க வேண்டும். அப்போதுதான் நிறம் போகாது என்றாள். இது அவருக்குத் தெரியாத வித்தை. கப்பலில் அவர் செய்த பச்சைக் குழம்பு எப்போதும் பாசி நிறத்துக்குப் போய்விடும். முப்பத்தோரு வருஷம் சமைத்தவனுக்கு இந்தச் சின்ன விஷயம் ஏன் தோன்றவில்லை என்று யோசித்தபடி விழுதைக் கலந்தார். குழம்பு பயிர் முளைத்த நாற்றங்கால் போல ஆகிவிட்டது. ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

கித்தேரியா முகர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"இதுதான்," என்றாள்.

பாவ் ரொட்டியின் உள்பகுதியை மட்டும் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்து ஊட்டினார். கோழியை நூல் நூலாகப் பிரித்துக் கொடுத்தார். ஐந்து வாய் சாப்பிட்டாள். ஆறாவதை வாயில் வைத்துக்கொண்டே இருந்து, மெதுவாக விழுங்கினாள். கண்ணில் நீர் வந்தது. புண்ணில் பட்டிருக்கும்.

"எரியுதா?"

இல்லையென்று தலையசைத்தாள்.

"கப்பல்காரனுங்க குடுத்து வெச்சவனுங்க" என்றாள்.

அவர் ஈரத்துணியால் அவள் மோவாயைத் துடைத்தார்.

"நீ சாப்பிடு."

"சாயங்காலம் சாப்பிடறேன். நீ எந்திரிச்சதும் ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

"அந்த ஜன்னலச் சாத்து. கண்ணு கூசுது."

சாத்தினார். பாத்திரத்தை மூடி வைத்தார். மேடையைக் கழுவினார். கோழிக் கழிவைக் கொல்லையில் தென்னை மரத்தடியில் புதைக்கப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேல் தலையை நீட்டி, ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் நடுவர் செய்த அநியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தான். இனாஸும் நின்று கேட்டார். வெகுநாள் கழித்து மனசு லேசாக இருந்தது. ஒரு கேள்விகூடக் கேட்டார். நாலு மணி மாத்திரைக்காக உள்ளே வந்து, அவள் தோளைத் தொட்டார். கித்தேரியா சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மறுபடி தொட்டார். அப்புறம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மாத்திரை அவர் உள்ளங்கையில் வியர்வையில் கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மெல்ராய்க்கு அங்கே அப்போது காலை. இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவன் ஐந்தாவது அழைப்பில் எடுத்தான்.

"மம்மா போயிட்டாடா."

மறுமுனையில் எங்கேயோ தண்ணீர்க் குழாய் திறந்து மூடியது.

"வலி இருந்துச்சா?"

"தூக்கத்துல."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா பப்பா?"

"வீட்லதான் இருந்தேன்" என்றார் இனாஸ்.

வியாழக்கிழமை காலைதான் வர முடியும் என்றான். அதனால் கித்தேரியாவை மட்காவ் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். அவளைக் கொண்டுபோன வண்டியின் பின்கதவு சரியாகச் சாத்தவில்லை. ஓட்டுநர் இறங்கிவந்து இரண்டு தரம் அடித்துச் சாத்தினார். பிறகு வீட்டில் இனாஸ் மட்டும் இருந்தார்.

அடக்கம் முடியும்வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தவர்கள் முறைவைத்துக் கஞ்சியும் கருவாடும் கொண்டுவந்து வைத்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், போனார்கள். செவ்வாய்க்கிழமை சவப்பெட்டிக்காரர் வந்து உயரம் கேட்டார். இனாஸ் தன் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார். "செருப்பு சைஸ்? வெள்ள ஷூ நாங்களே போட்டுடுவோம்" என்றார் அவர். இனாஸுக்குத் தெரியவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த அவள் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எண் தேய்ந்து போயிருந்தது. தன் உள்ளங்கையை வைத்து அளந்து, "இவ்வளவு" என்றார். உடுத்த வேண்டிய உடையை லூர்தின் எடுத்துக் கொடுத்தாள். நீலத்தில் ஒன்று. அதை அவர் இதற்கு முன் பார்த்த ஞாபகம் இல்லை.

"அவளுக்கு ரொம்பப் புடிச்சது அத்தான். எல்லா திருவிழாவுக்கும் இதத்தான் போடுவா" என்றாள் லூர்தின். "நீங்க மாலுமிங்க, திருவிழாவுக்கு எங்க வந்தீங்க!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை லூர்தின் அடுப்படியில் இருந்த குளிர்பெட்டியைத் துடைக்கிறேன் என்று திறந்தவள் குழம்புப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"கடவுளே, இது இன்னும் இருக்கா! துக்க வீட்ல கோழியா? குடுங்க, கொட்டிட்டு வந்துடறேன்."

"இருக்கட்டும்."

"யாரு திங்கப்போறா அத்தான்?"

"இருக்கட்டும் லூர்தின்."

அவரும் தின்னவில்லை. காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் மூடியைத் திறந்து பார்ப்பார். தேங்காய்ப்பால் மேலே ஆடை கட்டி உறைந்திருந்தது. பச்சை இன்னும் போகவில்லை. ஒரு மூலையில் மட்டும் பள்ளம், அன்று அவளுக்கு எடுத்த இடம். அவர் மூடிவிடுவார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மெல்ராய் வந்து இறங்கினான். குளிர் நாட்டுக் கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது. வாசலில் நின்ற சித்தியைப் பார்த்ததும் அவள் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதான். லூர்தின் அவன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். இனாஸ் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு அவன் அவரிடம் வந்தான். கையைக் கொடுப்பதா, கட்டிக்கொள்வதா என்று இருவருக்கும் ஒரு கணம் குழப்பம். கடைசியில் அவன் நெற்றி அவர் கன்ன எலும்பில் இடித்தது.

"சாப்பிட்டியா?"

"நேத்துலேர்ந்து ஒண்ணும் எறங்கல."

அம்மாவின் அறை வாசலில் நின்று பார்த்தான். உள்ளே போகவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் செய்வதுபோல் நேராக அடுப்படிக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தான். கஞ்சிப் பாத்திரத்தை நகர்த்தினான். அதன் பின்னால் இருந்ததை எடுத்து மூடியைத் திறந்தான். அப்படியே நின்றான்.

"பச்சக் கோழி" என்றான்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். பாத்திரத்தை மேடைமேல் வைத்துவிட்டு, மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மம்மா பண்ணதா?"

"அது வந்து, கண்ணு..." என்று லூர்தின் தொடங்கினாள்.

"லூர்தின்," என்றார் இனாஸ். "காலைல வாங்கின ரொட்டி அந்தக் கூடையில இருக்கு. ரெண்டு எடுத்தா."

லூர்தின் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கூடையை எடுக்கப் போனாள்.

"எப்பப் பண்ணாங்க பப்பா?"

"திங்கக்கிழம."

"படுத்த படுக்கையா இருக்காங்கன்னு சொன்னீங்க!"

"அவ பிடிவாதம் உனக்குத் தெரியாதா?"

மெல்ராய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சூடு பண்ண முடியாது. சில்லென்று இருந்த குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்னத் தொடங்கினான். அழுகையும் மெல்லுவதும் ஒன்றோடொன்று கலந்து, நடுவில் இருமினான். இனாஸ் தண்ணீர் ஊற்றி அவன் பக்கத்தில் வைத்தார்.

"நான் வருவேன்னு பண்ணாங்களா?"

"உன் பேரச் சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைக் கரண்டியில் தூக்கிக் காட்டினான்.

"நெலா மாதிரி வெட்டுவாங்க. இல்லன்னா நான் சாப்பிட மாட்டேன். புதினாகூட ரொம்பப் போட மாட்டாங்க, கொஞ்சூண்டு. ஸ்கூல் விட்டு வந்தா தெரு முனையிலயே வாசன வரும். ஓடி வருவேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது பப்பா. நீங்க அப்ப கப்பல்ல."

"ஆமா" என்றார் இனாஸ். "கப்பல்ல."

"கோவமா சொல்லல."

"தெரியும்டா. சாப்பிடு."

ரொட்டி தீர்ந்தது. லூர்தின் இன்னும் இரண்டு வைத்தாள். அவனுடைய வாயசைவையே இனாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வாயில் நிறுத்துகிறான், எதை முதலில் எடுக்கிறான், எலும்பை எப்படி உறிஞ்சுகிறான் என்று. கப்பலில் சாப்பாட்டறைக் கதவு இடுக்கு வழியாக மாலுமிகளை இப்படிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். அவன் ரொட்டித் துண்டால் பாத்திரத்தின் உள்சுவரைச் சுற்றி வழித்தெடுத்தான். கடைசி வாய் தொண்டைக்குள் போன பிறகுதான் நினைவு வந்தவன்போல் நிமிர்ந்தான்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

அவன் குளிக்கப் போன பிறகு லூர்தின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கக் குழாயடிக்கு வந்தாள். இனாஸ் அங்கே நின்றிருந்தார்.

"ஏன் அத்தான் சொல்லல? காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அந்த அடுப்புல நின்னது யாரு? கோழி வாங்கிக் குடுத்தவ நான்தான?"

"ரெண்டு மணிக்கு வண்டி வந்துடும்" என்றார் அவர். "முன் ரூம் நாற்காலியெல்லாம் வெளிய போடணும். எண்ணிக்க பத்தாது. சர்ச்சுலேர்ந்து இருபது கேட்டிருக்கேன்."

லூர்தின் குழாயைத் திறந்தாள். பாத்திரத்தில் கழுவ ஒன்றும் மீதியில்லை.

இரண்டு மணிக்குக் கித்தேரியா வந்தாள். நீல உடை, வெள்ளை ஷூ. ஷூ சரியாகப் பொருந்தியிருந்தது. முகம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தலைமுடியை அவள் வாருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வாரியிருந்தார்கள். அது மட்டும் அவருக்குத் தெரிந்தது. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் பெண்கள் வந்து சூழ்ந்து ஜெபம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மெல்ராய் தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்திருந்தான். வந்தவர்கள் முதலில் அவனிடம் போனார்கள். சித்தப்பா பிள்ளைகளிடம் அவன் தாழ்ந்த குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

நாலு மணிக்குப் பூசை. அதன்பின் தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டம். பாதர் மண்ணைத் தூவினார். இனாஸ் தூவினார். மெல்ராய் தூவினான். செம்மண் பெட்டிமேல் விழுந்த சத்தம் எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

முடிந்ததும் வழக்கப்படி குடும்பத்தார் வாயிலில் வரிசையாக நின்றார்கள். ஊரே ஒவ்வொருவராகக் கையைப் பற்றிவிட்டுப் போனது. கடைத்தெருவில் துணி தைக்கும் மார்ட்டா, கித்தேரியாவோடு பள்ளிக்கூடம் போனவள், இனாஸின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு விடவில்லை.

"கேள்விப்பட்டேன் இனாஸ். அந்த நெலமையிலயும் எழுந்து, புள்ளைக்குப் புடிச்சத ஆக்கி வெச்சுட்டுப் போயிருக்காளே! எப்பேர்ப்பட்ட பொம்பள!"

"ஆமா."

"கொடுத்து வெச்சவன்யா உன் புள்ள."

"ஆமா" என்றார் இனாஸ்.

பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர் குழம்போடு சோறும் சேர்த்துவிட்டார். இன்னொருவருக்கு, அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அடுப்படிக்குப் போனதுவரை தெரிந்திருந்தது. இனாஸ் ஒவ்வொருவருக்கும் ஆமா சொல்லித் தலையசைத்தார். கேட்கக் கேட்க அவருக்கே அது கண்ணில் தெரிந்தது. சுவரில் ஒரு கை. இன்னொரு கையில் கரண்டி. அந்தக் காட்சியில் அடுப்படியில் வேறு யாரும் இல்லை.

எல்லாரும் கலைந்த பிறகு வீட்டுக்கு நடந்தார்கள். மெல்ராய் சித்தியின் தோளில் கை போட்டு முன்னால் போனான். அவர்கள் பேசுவது பின்னால் வரும் இனாஸுக்குக் கேட்டது, வார்த்தைகள் பிடிபடவில்லை. கடைத்தெருத் திருப்பத்தில் அவர்கள் சாலையைத் தாண்டினார்கள். இனாஸ் தாண்டுவதற்குள் மட்காவ் போகும் பேருந்து வந்துவிட்டது. பின்னுக்கு நகர்ந்து ஓரமாக நின்றார்.

பேருந்து அவர் எதிரில் வந்து நின்றது. அவர் நின்ற இடம் நிறுத்தம். கறுப்புக் கோட்டும் கையில் தொப்பியுமாக நின்றவரைப் பார்த்து நடத்துநர் படியில் தொங்கியபடி, "மட்காவ், மட்காவ், மட்காவ்! ஏறுங்க ஏறுங்க, ஒக்கார எடமிருக்கு" என்றார்.

இனாஸ் இல்லையென்று கையசைத்தார்.

"எங்க போகணும்?"

அவர் மறுபடி கையசைத்தார். நடத்துநர் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது. எதிர்ச் சாரியில் யாரும் இல்லை. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைத் தாண்டினார்.